வேகமும் வளமும்

நுழையும்முன்

ஓர் ஊருக்குப் புதிய பாதை வருகிறது என்றால், "இனி ஊர் வளரும்" என்று எல்லாரும் சொல்கிறோம். எவ்வளவு வளரும், யாருக்கு வளரும், அவ்வளர்ச்சி பாதையால்தான் வந்ததா என்று கேட்பவர் சிலரே. மணிக்கு 300 கிலோமீட்டரைக் கடந்து விரையும் ஊர்திகளைப் பற்றிப் பேசும் காலம் இது. அவற்றுக்குச் செலவாவது மக்களின் வரிப்பணம் என்பதால், அக்கேள்விகளைக் கேட்கும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களைச் சான்றாகக் கொண்டு, விடைகாணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கணவாய் வழி வந்த பாதை

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் இயற்கை அமைத்த வாயில். தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயிலின் வழியே சாரலைக் கொண்டுவந்து குற்றால அருவிகளைப் பெருகச் செய்கிறது. மலைக்கு இருபுறமும் வாழ்ந்த மக்களின் வணிக வழியும் அதுவே. கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் மலையைக் கடந்த சரக்குகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதை கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரையிலான மீட்டர் பாதை 1903-இல் முடிந்தது. மறு ஆண்டில் அது மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளின்மேல் பாலம் கட்டிக் கொல்லம் வரை நீண்டது. 1927-இல் விருதுநகரிலிருந்து வந்த பாதையும் தென்காசியில் இணைந்தது.

ஒரு நூற்றாண்டுக்குப்பின் இப்பாதைகள் அகலப் பாதைகளாயின. விருதுநகர் - செங்கோட்டைப் பகுதி 2004-இல் மாறியது. மலையைக் கடக்கும் செங்கோட்டை - புனலூர்ப் பகுதியில் 2010 செப்டம்பரில் மீட்டர் பாதை மூடப்பட்டது. குகைகளை அகலப்படுத்தியும் பாலங்களை வலுப்படுத்தியும் 2018 ஜூன் மாதத்தில்தான் அங்குப் போக்குவரத்து மீண்டும் முழுமையாகத் தொடங்கியது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவ்வழியே தொடர்வண்டி இல்லை. பாதை இருந்த காலம், இல்லாத காலம், மீண்டும் வந்த காலம் என மூன்றையும் ஒரு தலைமுறையே கண்ட ஊர்கள் மிகுதியாக இல்லை. போக்குவரத்து ஊருக்கு என்ன செய்கிறது என்பதை ஆராய விரும்புவோர்க்குத் தென்காசி இயற்கையாய் அமைந்த ஓர் ஆய்வுக்கூடம்.

வேகத்தின் கணக்கு

1964 அக்டோபர் முதல் நாளில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஜப்பானின் அதிவேகத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். இன்று ஷாங்காய் நகரில் காந்த விசையால் மிதந்து செல்லும் வண்டி மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. 2015-இல் ஜப்பானின் காந்தமிதவை வண்டி சோதனை ஓட்டத்தில் 603 கிலோமீட்டரைத் தொட்டது. காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் அதைவிட விரைவாகச் செல்லும் 'ஹைப்பர்லூப்' முறைக்கெனச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தையூர் வளாகத்தில் 400 மீட்டருக்குச் சற்று மிகுதியான சோதனைத் தடம் ஒன்றை அமைத்துள்ளது.

இவ்வெண்கள் வியப்பூட்டுகின்றன. எனினும் பயணிக்குக் கிடைப்பது வேகம் அன்று, நேரம். இரண்டும் ஒரே அளவில் வளர்வதில்லை. சென்னைக்கும் தென்காசிக்கும் இடையே இருப்புப்பாதைத் தொலைவு ஏறத்தாழ 650 கிலோமீட்டர். சராசரி வேகம் 50 கிலோமீட்டராக இருந்தால் பயண நேரம் 13 மணி. வேகம் 100 ஆனால் ஆறரை மணி. மிச்சம் ஆறரை மணி. வேகம் 200 ஆனால் மேலும் மூன்றேகால் மணி மிச்சமாகும். 400 ஆனால் மேலும் ஏறத்தாழ 1 மணி 37 நிமிடம். 800 ஆனால் மேலும் 49 நிமிடம் மட்டுமே. வேகம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் மிச்சமாகும் நேரம் பாதியாகச் சுருங்குகிறது. அவ்வேகத்தை அடைவதற்கான செலவோ ஏறிக்கொண்டே செல்கிறது. மும்பை - அகமதாபாத் அதிவேகப் பாதையின் நீளம் 508 கிலோமீட்டர். அதற்குத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட செலவு 1,08,000 கோடி ரூபாய். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு 200 கோடி ரூபாய்க்கும் மேல்.

மேலும், பயணம் நிலையத்தில் தொடங்கி நிலையத்தில் முடிவதில்லை. வீட்டு வாசலில் தொடங்கிச் சென்று சேரும் வாசலில் முடிகிறது. 2023 செப்டம்பர் 24 அன்று சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி ஓடத் தொடங்கியது. அதன் வழித்தடம் தென்காசியைத் தொடவில்லை. தென்காசியிலிருந்து அவ்வண்டியைப் பிடிக்க வேண்டுமெனில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சாலை வழியே திருநெல்வேலி செல்லவேண்டும். அல்லது விருதுநகர் செல்லவேண்டும். முதன்மைத் தடத்தில் மிச்சமாகும் ஒரு மணி நேரத்தை இணைப்புப் பேருந்துக்கான காத்திருப்பு விழுங்கிவிடக்கூடும். எனவே, வாசலிலிருந்து வாசல் வரையிலான மொத்த நேரமே அளவீட்டின் முதல் அலகு.

எதை அளப்பது?

மிச்சமாகும் நேரத்தைப் பணமாக மதிப்பிடுவது பொருளியலின் பழைய முறை. ஆயினும், எல்லா நேரத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. பொதிகை விரைவு வண்டியில் மாலையில் ஏறி உறங்கி, காலையில் தென்காசியில் இறங்கும் பயணிக்கு இரவு முழுவதும் இழப்பன்று. ஓர் இரவு விடுதிச் செலவு அவருக்கு மிச்சம். உயர் மருத்துவம் நாடிப் பகலில் விரையும் நோயாளிக்கோ ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. ஊதியத்தை மட்டும் கொண்டு நேரத்தை மதிப்பிட்டால், மிகுந்த வருவாய் உடையவரின் ஒரு மணி நேரம் பீடி சுற்றும் பெண்ணின் ஒரு மணி நேரத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்ததாகிவிடும். திட்டங்களும் அவ்வருவாய் உடையவர் பக்கமே சாயும். இக்குறையைக் களையவே, பணிசாராப் பயண நேரத்துக்கு எல்லார்க்கும் பொதுவான ஒரே மதிப்பைக் கொள்ளும் வழக்கம் பிரிட்டன் போன்ற நாடுகளில் தோன்றியது.

நேரத்தை அடுத்து அளக்க வேண்டியது விலை. இதற்கு நம் நாட்டின் உப்பே சான்றாகியுள்ளது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவின் இருப்புப்பாதைகளைப் பொருளியல் அறிஞர் டேவ் டொனால்ட்சன் ஆராய்ந்தார். குறிப்பிட்ட வகை உப்பு ஓரிடத்தில் மட்டுமே விளைகிறது. பல ஊர்களில் விற்கிறது. விளையும் இடத்து விலைக்கும் விற்கும் இடத்து விலைக்கும் உள்ள வேறுபாடு, அதைக் கொண்டுசெல்லும் செலவைக் காட்டிவிடும். பாதை வந்தபின் அவ்வேறுபாடு எவ்வளவு குறைந்தது என்று கண்டால், பாதையின் பயன் விளங்கும். 2018-இல் வெளியான அவர் ஆய்வு, இருப்புப்பாதை வந்த மாவட்டங்களில் வேளாண்மையின் உண்மை வருவாய் ஏறத்தாழ 16 விழுக்காடு உயர்ந்ததாகக் கணக்கிட்டது. திட்டமிடப்பட்டும் கட்டப்படாமல் போன பாதைகளின் ஊர்களையும் அவர் சோதித்தார். அங்கு அத்தகைய உயர்வு காணப்படவில்லை. வளரக்கூடிய ஊர்களைத் தேடியே பாதை சென்றது என்னும் ஐயத்தை நீக்க அச்சோதனை உதவியது.

இதே அளவுகோலைத் தென்காசி மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பாவூர்சத்திரம் சந்தையின் காய்கறியும் புளியங்குடியின் எலுமிச்சையும் கேரளத்துக்குச் செல்கின்றன. அவை பெரும்பாலும் புளியரை வழியே சரக்குந்துகளில் மலையேறுகின்றன. அதிவேக ஊர்திகளோ பெரும்பாலும் மனிதர்களை ஏற்றிச் செல்பவை. காய்கறி மூட்டைகளுக்கு அவற்றில் இடமில்லை. உழவரின் வருவாயை உயர்த்துவது நோக்கமானால், மலைச்சாலையின் நெரிசலைக் குறைப்பதும் குளிர்பதனக் கிடங்கு அமைப்பதும் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரலாம். தரும் என்று அளக்காமல் சொல்வதும் தவறு. தராது என்று அளக்காமல் ஒதுக்குவதும் தவறு.

எதனோடு ஒப்பிடுவது?

பாதைக்கு முன் நிலை, பாதைக்குப் பின் நிலை என்னும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதையும் பாதையின் கணக்கில் எழுதுவது பரவலாகக் காணப்படும் பிழை. தென்காசியின் அண்மைக்கால வரலாறே இதை உணர்த்தும்.

மலைப்பாதை மீண்டும் திறக்கப்பட்டது 2018 ஜூன். குற்றாலத்தின் சாரல் பருவம் தொடங்குவதும் ஜூன். அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்தது. ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் தவித்தது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகி, அரசு அலுவலகங்கள் வந்தன. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் அருவிகளில் நீராடத் தடை விதிக்கப்பட்டது. இத்தனை நிகழ்வுகளும் மூன்றாண்டுக்குள் அடுக்கி வந்தன. அக்காலத்தில் விடுதிகளில் தங்கியோர் எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும், அதற்குத் தொடர்வண்டி காரணமா, மழை காரணமா, மாவட்டத் தலைநகர் என்னும் நிலை காரணமா, நோய் காரணமா? முன்பின் கணக்கு மட்டும் இதற்கு விடை தராது.

இன்னொரு சான்றும் உண்டு. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-இல் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. அப்போது மலைப்பாதை மூடிக்கிடந்தது. சிற்றூரில் அமர்ந்தே உலகுக்குப் பணிசெய்யும் வாய்ப்பை இணைய இணைப்பு தந்தது. தொலைவைச் சுருக்குவது சக்கரம் மட்டுமன்று என்பதை இது காட்டுகிறது.

எனவே, ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா: 'பாதை வராமல் இருந்திருந்தால் இவ்வூர் இன்று எப்படி இருந்திருக்கும்?' அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஃபோகல் 1964-இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவைத் துணிந்து எழுப்பினார். இருப்புப்பாதையே இல்லாத 1890-ஆம் ஆண்டு அமெரிக்காவைக் கணக்கில் கற்பனை செய்தார். கால்வாய்களும் வண்டிகளும் பெரும்பகுதிச் சரக்கைச் சுமந்திருக்கும் என்றும், நாட்டின் உற்பத்தியில் ஏற்படும் இழப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்திருக்கும் என்றும் காட்டினார். அவர் முடிவைப் பலர் மறுத்தனர். எனினும், அவர் எழுப்பிய வினாவை எவராலும் ஒதுக்க இயலவில்லை. 1993-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற இருவருள் அவரும் ஒருவர்.

நடக்காததை நேரில் காண முடியாது. ஆகவே, ஒத்த தன்மையுடைய வேறோர் ஊரைத் துணைக்கு அழைக்கிறோம். பாதை பெற்ற ஓர் ஊரில் விடுதி வருவாய் 100-லிருந்து 140 ஆனது என்று கொள்வோம். அதே மழை, அதே விலைவாசி, அதே சுற்றுலா விருப்பம் உடைய, ஆனால் பாதை பெறாத ஊரில் அது 100-லிருந்து 125 ஆனது என்று கொள்வோம். பாதையின் பங்கு 40 அன்று, 15 மட்டுமே. இவை விளக்கத்திற்கான எண்களே. இம்முறையை இரட்டை வேறுபாட்டு முறை என்பர். துணைக்கு எடுத்த ஊர் உண்மையிலேயே ஒத்த ஊரா என்பதைப் பொறுத்தே விடையின் நம்பகம் அமையும்.

நிற்கும் ஊரும் நில்லா ஊரும்

அதிவேகப் பாதை எல்லா ஊர்களையும் ஒரே வகையில் தொடுவதில்லை. வேகம் கூடக்கூட நிறுத்தங்கள் குறையும். பத்து ஊர்களில் நின்றால் அதிவேகம் என்னும் பெயரே பொருந்தாது. ஆகவே, எந்த ஊரில் நிற்பது என்பதே பொருளாதாரத்தின் மையக் கேள்வியாகிறது.

செருமனியின் கொலோன், பிராங்க்பர்ட் ஆகிய பெருநகரங்களுக்கு இடையே மணிக்கு 300 கிலோமீட்டர் வேகப் பாதை 2002-இல் திறக்கப்பட்டது. வழியில் உள்ள மாநிலங்கள் வற்புறுத்தியதால் மொண்டபவுர், லிம்பர்க் என்னும் இரு சிற்றூர்களுக்கு நிலையங்கள் கிடைத்தன. ஊரின் பொருளாதார வலிமையைப் பார்த்து அவை அமையாததால், ஆய்வுக்கு அவ்வூர்கள் மிகப் பொருத்தமாயின. காப்ரியேல் ஆல்ஃபெல்ட், ஆர்னே ஃபெடர்சன் ஆகியோரின் ஆய்வு, நிலையம் பெற்ற பகுதிகளின் உற்பத்தி ஏறத்தாழ 8.5 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டது.

சீனாவில் வேறொரு காட்சி. அங்குப் பழைய பாதைகளில் 2007-இல் வண்டிகளின் வேகம் பெரிதும் உயர்த்தப்பட்டது. பெருநகரங்கள் நெருங்கின. அப்பாதைகளில் அமைந்த சிறு மாவட்டங்களின் உற்பத்தியோ 3 முதல் 5 விழுக்காடு வரை குறைந்ததாக யூ சின் என்னும் அறிஞர் கண்டறிந்தார். முதலீடு சிற்றூரை விட்டுப் பெருநகரை நோக்கி நகர்ந்தது. சிற்றூரின் வணிகத்தையும் இளைஞரையும் பெருநகர் ஈர்த்துக்கொள்ளும் இதுபோன்ற நிலையை ஜப்பானியர் உறிஞ்சுகுழல் விளைவு என்பர். குழலின் எந்த முனையில் நம் ஊர் இருக்கிறது என்று அறிவதே அளவீட்டின் பயன்.

குற்றாலத்தின் கணக்கு

குற்றாலம் அருவியை நம்பி வாழும் ஊர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் பருவம்; கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வருகை. விடுதி நடத்துவோர், எண்ணெய் தேய்த்துவிடுவோர், பழக்கடை வைத்திருப்போர், ஆட்டோ ஓட்டுவோர் ஆகியோர் இச்சில மாதங்களின் வருவாயைக் கொண்டே ஆண்டு முழுவதையும் கடக்கின்றனர்.

சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் குற்றாலம் சேரலாம் என்று வைத்துக்கொள்வோம். வருவோர் எண்ணிக்கை பெருகும். ஆனால், காலையில் வந்து நீராடி மாலையில் திரும்பிவிட இயலும் என்பதால் தங்கும் இரவுகள் குறையலாம். நூறு பேர் இரண்டு இரவு தங்கினால் அறைக்கணக்கு 200. இருநூறு பேர் வந்து அவருள் ஐம்பதின்மர் மட்டும் ஓரிரவு தங்கினால் 50. கூட்டம் இரு மடங்கு, விடுதி வருவாய் கால் பங்கு! அதே வேளையில் குப்பையும் கழிவுநீரும் நெரிசலும் கூடும். அவற்றை அகற்றும் செலவு பேரூராட்சியின் தலையில் விழும். அருவியின் அகலம் வண்டியின் வேகத்தோடு வளர்வதில்லை. ஆகவே, தலைகளை எண்ணுவதோடு நில்லாமல் தங்கிய இரவுகளையும் ஊரில் செலவான பணத்தையும் ஊர் ஏற்ற சுமையையும் சேர்த்து எண்ண வேண்டும்.

யாருக்குப் பயன்?

பாதை வரும் என்ற செய்தி வந்தவுடன் முதலில் நகர்வது நிலத்தின் விலை. நிலையத்தின் அருகே விலை உயர்ந்தால் ஊர் வளர்ந்துவிட்டது என்று சொல்வது எளிது. ஆனால், அவ்வுயர்வு நிலம் வைத்திருப்போர்க்கு வரவு. வாடகை வீட்டில் இருப்போர்க்குச் செலவு. பேருந்து நிலையத்தருகே இருந்த உணவகம் தொடர்வண்டி நிலையத்தருகே இடம் மாறினால், புதிய வளம் பிறந்ததாகாது. பழைய வளம் இடம் பெயர்ந்தது, அவ்வளவே. உருவான வளத்தையும் இடம்பெயர்ந்த வளத்தையும் பிரித்தறியாத கணக்கு, ஒரே நெல்லை இருமுறை அளந்த கணக்காகும்.

எந்த வேகப் பாதைத் திட்டம் முன்வைக்கப்பட்டாலும் ஐந்து வினாக்களை எழுப்புவோம். வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது? அது யாருடைய நேரம்? பாதை இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? பிறந்த வளம் எவ்வளவு, இடம்பெயர்ந்த வளம் எவ்வளவு? அதே பணத்தை வேறு வழியில் செலவிட்டால் இதனினும் மிகுந்த பயன் கிட்டுமா?

இவ்வினாக்கள் வேகத்துக்கு எதிரானவை அல்ல. மொண்டபவுர் பெற்ற நன்மையைத் தென்காசியும் பெறலாம். அதற்கு எங்கே நிற்க வேண்டும், எதனோடு இணைய வேண்டும், எந்தத் தொழிலுக்கு உதவ வேண்டும் என்பவற்றை எண்களோடு கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். சந்தைக்கு வந்த மூட்டைகள், விடுதியில் தங்கிய இரவுகள், நிலையத்தில் இறங்கிய பயணிகள் ஆகியவற்றை இன்றே எண்ணிக் குறித்துவைக்கும் ஊரால் மட்டுமே நாளை தன் வளர்ச்சியைச் சான்றோடு காட்டமுடியும். இழப்பு நேர்ந்தால் சான்றோடு முறையிடவும் முடியும்.

தெரிந்து தெளிவோம்

செங்கோட்டை - கொல்லம் மலைப்பாதையில் கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று வளைவுகளைக் கொண்ட கற்பாலம் உள்ளது. மீட்டர் பாதைக்காகக் கட்டப்பட்ட அப்பாலம் வலுப்படுத்தப்பட்டு இன்று அகலப் பாதையைத் தாங்குகிறது. பாதை அமைந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூருக்கு உரியதாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் பயண நேரத்தை நடை, காத்திருப்பு, ஊர்தி நேரம் எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக. எப்பகுதியைக் குறைத்தால் மிகுந்த நேரம் மிச்சமாகும் எனக் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊர்ச் சந்தையில் விற்கும் ஒரு பொருளின் விலையை, அது விளையும் இடத்து விலையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணங்களை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. வேகம் இரட்டிக்கும்போது மிச்சமாகும் நேரம் எவ்வாறு மாறுகிறது?
2. உறிஞ்சுகுழல் விளைவு என்றால் என்ன?

சிறுவினா
1. உப்பின் விலையைக் கொண்டு இருப்புப்பாதையின் பயன் எவ்வாறு அளக்கப்பட்டது?
2. 2018-க்குப் பின் தென்காசியில் ஏற்பட்ட மாற்றங்கள் அனைத்துக்கும் தொடர்வண்டியையே காரணமாகக் கூறலாமா? காரணம் தருக.

நெடுவினா
குற்றாலத்துக்கு அதிவேகப் பாதை அமைந்தால் விளையக்கூடிய நன்மை தீமைகளை, இப்பாடம் கூறும் ஐந்து வினாக்களின் அடிப்படையில் மதிப்பிடுக.